தன்பாலினத் திருமணம்: மதமும் மதச்சார்பின்மையும் உண்மையில் எங்கே மோதுகின்றன?

2023 அக்டோபர் 17 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தன்பாலின இணையரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க மறுத்தது. அத்தீர்ப்பை எதிர்த்த சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. நான்கு மாதங்கள் கழித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவை விசாரித்தது. இன்னொரு பெண்ணை விரும்பியதால் பெற்றோர் வீட்டில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண் ஒருவர் தாம் விரும்பியபடி வாழலாம் என்று அது உத்தரவிட்டது. குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் கூறியது. ஒரு நீதிமன்றம் மறுத்ததை இன்னொரு நீதிமன்றம் கொடுத்துவிட்டதா என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது.

கொடுக்கவில்லை, இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள, இவ்விவாதத்தைச் சூழ்ந்திருக்கும் ஓர் எளிய படத்தை முதலில் விலக்க வேண்டும். மதவாதிகள் எதிர்க்கிறார்கள், மதச்சார்பற்றவர்கள் ஆதரிக்கிறார்கள் என்பதே அந்தப் படம். நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதங்களைப் பார்த்தால், வழக்கைத் தீர்மானித்த எதிர்ப்பு வாதங்களில் பெரும்பாலானவை கடவுளையோ வேதத்தையோ துணைக்கு அழைக்கவே இல்லை.

அடிப்படைக் கருத்துகள்

1. குற்றமின்மையும் திருமண உரிமையும் வேறு வேறு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொப்பி வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அரசு தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். திருமண அங்கீகாரம் என்பது, அந்த உறவைப் பதிவு செய்து அதற்கு உரிமைகளை அரசே வழங்க வேண்டும் என்னும் கோரிக்கை. முன்னது அரசை விலகி நிற்கச் சொல்கிறது. பின்னது முன்வரச் சொல்கிறது.

2. தனிநபர் சட்டம் என்பது திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, தத்தெடுப்பு ஆகியவற்றில் மதத்துக்கு ஏற்ப மாறும் சட்டம். இந்து திருமணச் சட்டம் 1955, இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் 1872, முஸ்லிம்களுக்குப் பொருந்தும் ஷரீஅத் விதிகள் ஆகியவை இதில் அடங்கும்.

3. சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்பது மதச் சடங்கு எதுவும் இல்லாமல், திருமண அலுவலர் முன்னிலையில் நடக்கும் பதிவுத் திருமணத்துக்கானது. முப்பது நாள் முன்னறிவிப்பு இதற்குக் கட்டாயம்.

4. குடிமை இணைவு என்பது திருமணம் என்ற பெயரில்லாமல், திருமணத்தின் உரிமைகளில் சிலவற்றையோ பலவற்றையோ தரும் பதிவு. சில நாடுகள் முதலில் இதைக் கொண்டுவந்து, பிறகு திருமணத்துக்கு நகர்ந்தன.

மணம் செய்விக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

இந்தியாவில் மதத்தைத் தொடாத திருமணம் என்பது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கருத்தன்று. கேசப் சந்திர சென் தலைமையிலான, சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தினரின் கோரிக்கையை அடுத்து 1872-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதன்கீழ் மணம் செய்ய விரும்புவோர், தாம் இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி, சீக்கியர், சமணர், பௌத்தர், யூதர் ஆகிய எவருமல்லர் என்று உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. மதத்தைத் துறந்தால்தான் மதமற்ற திருமணம் கிடைக்கும் என்ற அந்த நிபந்தனை 1923-ல் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் ஆகியோருக்குத் தளர்த்தப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம்தான், எந்த மதத்தைச் சேர்ந்தவரும் தம் மதத்தை விடாமலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற நிலையை உருவாக்கியது.

தமிழ்நாடு வேறொரு பாதையில் சென்றது. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை, ஏழடி வைத்தல் இல்லை. மாலை மாற்றிக்கொண்டு, வந்திருப்போர் முன்னிலையில் உறுதி கூறினால் போதும் என்ற சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியாரின் இயக்கம் முன்வைத்தது. 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பொதுவாகக் குறிப்பிடுவர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏராளமானோர் அவ்வாறு மணம் செய்துகொண்டார்கள். ஆனால் சட்டம் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்கவில்லை. 1953-ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இந்துச் சடங்குகளும் இல்லாமல், நிலைபெற்ற வழக்காறும் இல்லாமல் நடந்த அத்தகைய திருமணம் செல்லாது என்றது. அதன் விளைவு குழந்தைகளின் சொத்துரிமை வரைக்கும் சென்றது.

அந்த முடிச்சை அவிழ்த்தது நீதிமன்றமன்று, சட்டமன்றம். முதல்வர் அண்ணாவின் அரசு 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுவது, மாலை அல்லது மோதிரம் மாற்றுவது, தாலி கட்டுவது ஆகியவற்றுள் ஒன்றே போதும். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது பின்னோக்கிச் செல்லத்தக்கதாக்கியது. 2001-ல் உச்ச நீதிமன்றம் இதன்படி நடந்த திருமணத்தை ஏற்றது. 2023 ஆகஸ்டிலும், இவ்வகைத் திருமணத்தைப் பலரறிய அறிவிக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடவுள் மறுப்பாளர்களின் திருமணத்துக்கு இடமளித்த சட்டத்தின் பெயர் இந்து திருமணச் சட்டம்! மதச்சட்டத்துக்குள்ளேயே மதமற்ற ஓர் அறை கட்டப்பட்டது. இந்தியாவில் இவ்விரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மறுபுறம், அந்த 7-அ பிரிவின் வாசகமும் கணவன், மனைவி என்ற இருபாற்சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சடங்கை நீக்கியவர்கள் பாலினத்தைத் தொடவில்லை. அந்தக் கேள்வி அன்று எழவும் இல்லை.

மதங்களின் நிலைப்பாடு: ஒரு குரல் இல்லை

இந்து மரபில் திருமணம் ஒரு சம்ஸ்காரம், அதாவது வாழ்க்கையின் கட்டம் ஒன்றைக் குறிக்கும் புனிதச் சடங்கு. இல்லற நிலைக்குள் நுழையும் வாயில். மகப்பேறும் முன்னோர்க்கடனும் அதன் நோக்கங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆர்.எஸ்.எஸ். பொதுச்செயலாளர் தத்தாத்ரேய ஹோசபாலே 2023 மார்ச்சில், திருமணம் இரு வேறு பாலினத்தவருக்கிடையே மட்டுமே நடக்க முடியும் என்று கூறியது இந்த அடிப்படையில்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவ்வமைப்பின் தலைவர் மோகன் பாகவத் ஒரு நேர்காணலில், இத்தகையோர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சமூகத்தில் இடம் வேண்டும் என்று சொல்லி, மகாபாரதத்தில் வரும் ஜராசந்தனின் தளபதிகளான ஹம்சன், டிம்பகன் கதையை எடுத்துக்காட்டினார். இருத்தலை ஏற்பதும் மணத்தை மறுப்பதும் ஒரே அமைப்பிலிருந்து வந்தன. இது முரண்பாடு என்பதைவிட, சகிப்பும் அங்கீகாரமும் வேறு என்ற நிலைப்பாடு.

இன்னொரு பக்கம், தன்பாலினத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின்கீழேயே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்ட மனுவும் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தாக்கலானது. அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு ‘இரு இந்துக்களுக்கிடையே’ என்றுதான் தொடங்குகிறது, ஆண் பெண் என்று சொல்லவில்லை என்பது அதன் வாதம். அதே பிரிவு சற்றுக் கீழே மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என்று வயது வரம்பு விதிக்கிறது என்பது எதிர்வாதம்.

இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம், சம்ஸ்காரமன்று. ஆனால் ஒப்பந்தம் என்பதாலேயே அது யாருக்கும் திறந்ததாகிவிடாது: ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதாக மட்டுமே அதை எல்லாச் சட்டப் பள்ளிகளின் மரபுவழி அறிஞர்களும் கொள்கிறார்கள். இஸ்லாமிய அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்த் உச்ச நீதிமன்ற வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தது. சீக்கியரிடையே, கனடாவில் சட்டம் விவாதிக்கப்பட்ட 2005-ஆம் ஆண்டிலேயே அவர்களின் உயரிய சமய பீடமான அகால் தக்த் எதிராக அறிவித்துவிட்டது.

பிளவு மிகுதியும் வெளிப்படையாகத் தெரிவது கிறித்தவ உலகில். கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணம் ஓர் அருட்சாதனம், அதாவது இறையருள் தரும் புனிதச் சடங்கு. தன்பாலின இணைவுகளுக்கு ஆசி வழங்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்று 2021 மார்ச்சில் வத்திக்கான் அறிவித்தது. 2023 டிசம்பர் 18 அன்று வெளியான இன்னோர் ஆவணம், வழிபாட்டு முறையாக அல்லாமல், திருமணச் சாயல் இல்லாமல், இணையராக வருவோருக்கு ஆசி அளிக்கலாம் என்றது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் கண்டத்தில் அதைச் செயல்படுத்துவது பொருத்தமாகாது என்றார்கள். அமெரிக்க எபிஸ்கோபல் சபையும் பிரிட்டன் மெதடிஸ்ட் சபையும் முறையே 2015, 2021-ஆம் ஆண்டுகளில் தன்பாலினத் திருமணத்துக்கே வழிவிட்டன. ஒரே விவிலியம், வந்து சேர்ந்த இடங்கள் மூன்று.

தேரவாத பௌத்தத்தில் திருமணம் அருட்சடங்கு அன்று, உலகியல் ஏற்பாடு. துறவி ஆசி கூறலாம், ஆனால் மணம் செய்து வைப்பவர் அவரல்லர். தாய்லாந்தில் 2024 ஜூன் 18 அன்று செனட் ஒப்புதல் பெற்று, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருமணச் சமத்துவச் சட்டத்தை எதிர்த்துப் பெரிய மதப் போராட்டம் எழாததற்கு இது ஒரு காரணம். ஆனால் இதைப் பௌத்தத்தின் இயல்பு என்று பொதுமைப்படுத்துவது அவசரமாகும். பௌத்தத்துக்கு அரசியல் சாசனத்தில் முதன்மை இடம் தந்திருக்கும் இலங்கையில், காலனியக் காலத் தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365-அ பிரிவுகளை நீக்கும் முயற்சியே நெடுங்காலமாக இழுபட்டு வருகிறது. அந்த நீக்கம் அரசியல் சாசனத்துக்கு முரணாகாது என்று 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்மானித்த பிறகும் இதே நிலைதான்.

மதம் பேசாத எதிர்ப்பு

உச்ச நீதிமன்றத்தில் 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாட்கள் விசாரணை நடந்தது. முதல் நாளிலேயே நீதிபதிகள், தனிநபர் சட்டங்களுக்குள் செல்லப் போவதில்லை, சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டுமே பார்ப்போம் என்று வரம்பு கட்டினார்கள். மதத்தை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, மதச்சார்பற்ற சட்டத்தைக் கொண்டு தீர்வு காணலாம் என்பது நோக்கம். எதிர்த்தரப்பும் அதற்கேற்ற வாதங்களையே முன்வைத்தது.

1. அதிகார எல்லை. புதிய ஒரு சமூக நிறுவனத்தைச் சட்டமாக்குவது மக்கள் பிரதிநிதிகளின் வேலை. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளின் வேலையன்று. மத்திய அரசு இதையே முதன்மையாக வலியுறுத்தியது. கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்றும் தன் மனுவில் எழுதியது. அந்த இரண்டாவது கூற்று ஆதாரத்துடன் வைக்கப்படவில்லை. வீட்டுச் சிறைக்கு அஞ்சி வெளியேறி நீதிமன்றங்களை நாடுவோர் மதுரையிலிருந்தும் திருப்பத்தூர்ப் பகுதியிலிருந்தும்கூட வருகிறார்கள்.

2. சட்டங்களின் பின்னல். சுமார் 160 சட்டப் பிரிவுகள் பாதிக்கப்படும் என்று மத்திய அரசின் வழக்கறிஞரான சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா வாதிட்டார். எண்ணிக்கையைவிட முக்கியமானது பின்னலின் தன்மை. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தோருக்குப் பொதுவாக இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆனால் 1976-ல் சேர்க்கப்பட்ட 21-அ பிரிவு, மணமக்கள் இருவரும் இந்து, பௌத்தர், சீக்கியர் அல்லது சமணராக இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்கிறது. அதாவது, மதமற்ற வாசல் வழியே நுழைந்தவர்களும் சொத்து என்று வரும்போது மதச்சட்டத்தின் கூடத்துக்கே வந்து சேர்கிறார்கள். நீதிபதிகள் முதல் நாள் போட்ட கோடு இங்கேதான் அழிந்தது.

3. பெண்களுக்கான பாதுகாப்பு. அதே சட்டத்தின் 27, 36, 37-ஆம் பிரிவுகள் மணவிலக்கிலும் ஜீவனாம்சத்திலும் மனைவிக்கு மட்டும் சில உரிமைகளைத் தருகின்றன. ‘கணவன், மனைவி’ என்பதை ‘வாழ்க்கைத் துணை’ என்று மாற்றி வாசித்தால், சமமற்ற சமூகத்தில் பெண்ணுக்கென்று எழுதப்பட்ட பாதுகாப்பு நீர்த்துப்போகலாம் என்று நீதிபதி ரவீந்திர பட் தம் தீர்ப்பில் கவலை தெரிவித்தார். எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுவது இதுவே. இதற்குச் சரியான பதில் புறக்கணிப்பன்று. சட்டத்தைப் பிரிவு பிரிவாகத் திருத்துவது. ஆனால் அது நாடாளுமன்றம் செய்யக்கூடியது, நீதிமன்றம் ஒரே வரியில் செய்யக்கூடியதன்று.

4. குழந்தை நலன். இதில் அரசு அமைப்புகளே எதிரெதிராக நின்றன: தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் எதிர்த்தது, டெல்லி மாநில ஆணையம் ஆதரித்தது.

இவற்றுக்கு அப்பால், ஆதரவாளர் எனக் கருதப்படும் இடத்திலிருந்தே ஒரு விமர்சனமும் வருகிறது. திருமணம் என்பதே சாதியையும் சொத்தையும் காத்துத் தலைமுறைக்குக் கடத்தும் ஏற்பாடு. அதற்குள் நுழைய ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று பெண்ணியர் சிலரும், வழக்கமான பாலின, பாலீர்ப்பு வரையறைகளுக்குள் அடங்காத பால்புதுமையினர் சிலரும் கேட்கிறார்கள். முப்பது நாள் அறிவிப்பைப் பலகையில் ஒட்டும் ஒரு சட்டம், சாதி மறுத்து மணப்போரையே உறவினர் கையில் காட்டிக்கொடுக்கிறது என்பதைக் காண்போருக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றாது.

மதத்தை விலக்கினாலே ஏற்பு வந்துவிடும் என்று நம்புவதற்கு வரலாறும் இடம்கொடுக்கவில்லை. நாத்திகத்தை அரசுக் கொள்கையாகக் கொண்ட சோவியத் ஒன்றியம் 1934-ல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியது. 1960-களில் தன்பாலீர்ப்பாளர்களைக் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பிய கியூபா, 2022 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பின் மூலம் அவர்களுடைய திருமணத்தை ஏற்றது. அரசின் தத்துவம் இரண்டு காலத்திலும் ஒன்றே. நம் நாட்டில், மதவேறுபாடற்ற சட்டம் என்று முன்வைக்கப்பட்டு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டம், திருமணத்தை மட்டுமன்றி, பதிவு செய்ய வேண்டிய சேர்ந்து வாழும் உறவையும் ஆண், பெண் என்றே வரையறுத்திருக்கிறது.

ஆதரவு வாதத்தின் கட்டுமானம்

மனுதாரர்களின் வாதம் சமத்துவம் பற்றிய 14, 15-ஆம் பிரிவுகள், கருத்துரிமை பற்றிய 19, வாழ்வுரிமை பற்றிய 21 ஆகியவற்றின்மேல் நின்றது. 2014-ல் திருநர் உரிமை வழக்கு, 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கு, 2018-ல் 377 வழக்கு ஆகிய மூன்றும் படிக்கட்டுகளாகக் காட்டப்பட்டன. பெரும்பான்மையின் ஒழுக்கநெறி எதுவாக இருந்தாலும், அரசு பின்பற்ற வேண்டியது அரசியல் சாசன ஒழுக்கநெறி என்ற கருத்து அதன் மையம். அது இயல்பாக வருவதன்று, பயிற்றுவித்து வளர்க்கப்பட வேண்டியது என்று அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கூறியதை நீதிமன்றங்கள் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கின்றன.

மத நம்பிக்கையாளரின் நியாயமான அச்சம் ஒன்றுக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும்: நாளைக்கு எங்கள் கோயிலிலோ தேவாலயத்திலோ இதை நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா? சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணம் செய்விப்பவர் அரசு அலுவலர். எனவே அச்சட்டத்தைத் திருத்துவது எந்தக் குருக்களையும் போதகரையும் தொடாது. இங்கிலாந்து 2013-ல் சட்டம் இயற்றியபோது இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. எந்த மத அமைப்பையும் கட்டாயப்படுத்த முடியாது. தாமாக முன்வரும் அமைப்புகள் பதிவு செய்துகொள்ளலாம். இங்கிலாந்துத் திருச்சபையோ தன் திருச்சபைச் சட்டத்தை மாற்றினாலொழிய நடத்தவே முடியாது.

தைவான் எடுத்த வழி இன்னும் நுட்பமானது. 2017 மே 24 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தன்பாலினத்தவருக்குத் திருமணத்தை மறுப்பது செல்லாது என்று கூறி, இரண்டாண்டு கெடு விதித்தது. 2018 நவம்பரில், கிறித்தவக் குழுக்கள் முன்னின்று நடத்திய பரப்புரையை அடுத்து, உரிமையியல் சட்டத்தில் உள்ள திருமண வரையறையை மாற்றக் கூடாது என்று பொதுவாக்கெடுப்பில் மக்கள் வாக்களித்தார்கள். நாடாளுமன்றம் இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிந்தது: பழைய சட்டத்தைத் தொடாமல், அந்த நீதிமன்றத் தீர்ப்பின் எண்ணையே பெயராகக் கொண்ட தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2019 மே 24 முதல் பதிவுகள் தொடங்கின.

2023 தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் கௌல், பட், நரசிம்மா ஆகியோர் நான்கு தனித் தீர்ப்புகளை எழுதினார்கள். நீதிபதி ஹிமா கோலி பட்டின் தீர்ப்பை ஏற்றார்.

ஐவரும் ஒன்றுபட்ட இடங்கள் மூன்று:

1. திருமணம் செய்துகொள்ளும் உரிமை அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அன்று.
2. சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யவோ, பாலினப் பொதுவாக மாற்றி வாசிக்கவோ முடியாது. ரத்து செய்தால் மதம் கடந்து மணப்போரும் தெருவில் நிற்பார்கள்.
3. ஆண், பெண் என்ற அமைப்புக்குள் வரும் திருநர் இணையர் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம். தமிழ்நாட்டில் இது முன்பே தீர்ந்த விஷயம்: தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

பிளவு குடிமை இணைவிலும் தத்தெடுப்பிலும் வந்தது. இணையராகச் சேரும் உரிமை உண்டு, அதை அரசு அங்கீகரிக்கக் கடமைப்பட்டது என்று சந்திரசூட்டும் கௌலும் கருதினார்கள். மற்ற மூவரும், சேர்ந்து வாழும் உரிமை உண்டு, ஆனால் அதற்குச் சட்டத் தகுதி தருமாறு அரசைக் கட்டாயப்படுத்தும் உரிமை இல்லை என்றார்கள்.

தீர்ப்பு சொல்லாததையும் குறித்துக்கொள்ள வேண்டும். தன்பாலினத் திருமணம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று எந்த நீதிபதியும் கூறவில்லை. எந்த மதத்தின் போதனையும் மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. சட்டமியற்றும் மன்றம் விரும்பினால் இயற்றலாம் என்ற வாசல் முழுதாகத் திறந்தே இருக்கிறது.

வாழ்க்கையில் இதன் விளைவு

அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு உறுதியளித்தது. 2024-ல் சில சுற்றறிக்கைகள் வந்தன. ரேஷன் அட்டையில் இணையரை ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். பயனுள்ளவைதான். ஆனால் கணக்கு தொடங்க ஏற்கெனவே யாருக்கும் தடையிருந்ததில்லை.

சட்டத் திருத்தம் வேண்டியவை அப்படியே நிற்கின்றன. வருங்கால வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும், சட்டம் வரையறுக்கும் குடும்பம் ஒருவருக்கு இருந்தால் அதற்கு வெளியே நியமனதாரரைக் குறிப்பிட முடியாது. கணவன் மனைவிக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆனால் இணையர் ‘உறவினர்’ பட்டியலில் வராததால், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் அன்பளிப்பு வருமானமாகிவிடும். ஒருவர் தனியாகத் தத்தெடுக்கலாம், இருவரும் பெற்றோராக முடியாது. தனியாக விண்ணப்பிக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் முடியாது.

உயில் எழுதிவைத்தால் போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. உயில் இல்லாமல் இறந்தால் இணையருக்கு ஒன்றும் இல்லை என்பதால் அது நல்ல யோசனைதான். இருப்பினும் இந்து ஒருவர் தம் சுயசம்பாத்தியம் முழுவதையும் உயிலில் தரலாம். முஸ்லிம் ஒருவர், வாரிசுகள் சம்மதித்தாலன்றி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர முடியாது. திருமணம் கிடைக்காததற்கு மாற்றாகச் சொல்லப்படும் தனியொப்பந்த வழியிலும் ஒருவருடைய மதம் முன்னால் வந்து நிற்கிறது.

மாநில அரசால் என்ன செய்ய முடியும்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 மே மாத ஆணை திருமணத்தைத் தரவில்லை. வயதுவந்தவர் தாம் விரும்பியவருடன் வாழலாம், காவல் துறை அதைக் காக்க வேண்டும் என்றது. இது 2023 தீர்ப்பில் ஐவரும் ஏற்ற எல்லைக்குள்ளேயே அடங்கும். இதற்கு அடித்தளம் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த இடைக்கால ஆணையில் இருக்கிறது: மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’களுக்கு அவர் தடை விதித்தார். இவ்விஷயம் தமக்கே புரிய வேண்டும் என்று உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதாகவும் அதில் பதிவு செய்தார். 2023 நவம்பரில் அவரே, தம்மை ஒரு குடும்பமாக அறிவிக்கும் குடும்பப் பிணைப்பு ஆவணம் ஒன்றை இருவர் எழுதிப் பதிவு செய்துகொள்ள மாநில அரசு வழிவகுக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

அந்த ஆவணத்தின் வலிமை மாநிலத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அரசு மருத்துவமனை, காவல் நிலையம், மாநில அரசின் நலத்திட்டம் ஆகிய இடங்களில் அதைக் காட்டலாம். வைப்பு நிதி அலுவலகமோ வருமான வரித் துறையோ அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

அதைவிட அகலமான வழி ஒன்றும் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. திருமணம், தத்தெடுப்பு, உயில், வாரிசுரிமை ஆகியவை ஏழாம் அட்டவணையின் பொதுப்பட்டியலில் 5-ஆம் இனமாக உள்ளவை. மாநிலச் சட்டமன்றமும் இவற்றில் சட்டம் இயற்றலாம். 1967-ல் 7-அ பிரிவு வந்தது இந்த அதிகாரத்தால்தான். 1989-ல் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தமும் அப்படித்தான் வந்தது; நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. தடை ஒன்றுண்டு: மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் நிலைக்க வேண்டுமானால், 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் ஒப்புதல்.